உயர் ஓதக் கோடு

2023 செப்டம்பர் 11, திங்கட்கிழமை. ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே இருக்கும் இலுப்பஞ்சேரியில், ஊராட்சி அலுவலகப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சர்வே எண் 214-இல் உள்ள நீர்நிலையின் உயர் ஓதக் கோட்டிலிருந்து இருநூறு மீட்டருக்குள் வரும் பதினேழு மனைகளில் கட்டடம் கட்டும் அனுமதி மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. கீழே, கடலோர மனைப் பிரிவு என்று முத்திரை. இலுப்பஞ்சேரியிலிருந்து கடல் ஐம்பது கிலோமீட்டர்.

பதினேழில் ஒன்பதாவது மனை சிவசங்கருடையது. ஒரகடம் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடமாக இருக்கிறான். சித்திரையில் பழைய ஓட்டு வீட்டை இடித்தான். அன்றைக்கே ஊராட்சியில் மனுவும் கொடுத்தான். அனுமதி எப்படியும் வந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் செய்வதுபோல அவனும் வேலையைத் தொடங்கிவிட்டான். ஆவணிக் கடைசியில் சுவர் கூரை மட்டத்துக்கு வந்து நின்றது. கூரைக்கான சென்ட்ரிங் பலகைகள் வந்து இறங்கிய மறுநாள்தான் அறிவிப்பு வந்தது. பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

சிவசங்கரும் மனைவி சுபஸ்ரீயும் ஆறு வயது மகள் யுவஸ்ரீயும் சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அந்தக் கட்டடம் முழுவதையும் தை முடிந்ததும் ஒரு கான்ட்ராக்டர் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அறைக்கு எட்டுக் கட்டில் போட்டுக் கம்பெனி ஆட்களைத் தங்க வைப்பார். கட்டிலுக்கு ஆள் கிடைக்கும் வட்டாரத்தில் குடும்பத்துக்கு யாரும் வீடு தருவதில்லை. ஆகவே தை மாதக் கடைசி முகூர்த்தத்துக்குள் கூரை போட்டுப் பால் காய்ச்சிவிட வேண்டும். முடியாவிட்டால் சுபஸ்ரீ மகளோடு செய்யாற்றுக்குத் தாய்வீடு போவாள். சிவசங்கர் எங்காவது ஒரு கட்டிலுக்குப் போவான். இதை அவர்கள் சண்டையில்லாமல் பேசி முடித்திருந்தார்கள். செய்யாற்றில் பள்ளிக்கூடம்கூட அவள் விசாரித்து வைத்திருந்தாள்.

அறிவிப்பை அவன் போனில் படம் பிடித்து வந்து காட்டினான். சுபஸ்ரீ மின்னணுக் கம்பெனியில் நுண்ணிய பாகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு அதை இரண்டு முறை படித்தாள்.

"ஓதம்னா செவுத்துல ஏறுமே, அதானே?"

"அதான்."

"அதுக்கு இன்னாத்துக்கு வூட்ட நிறுத்தணும்? ஓதம் ஏறாத வூடு இந்த ஊர்ல எது கீது?"

அவனுக்கும் அதுதான் புரியவில்லை. புதுவீட்டில் ஈரம் ஏறாமல் இருக்க அடித்தளத்துக்கு மேலே ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டிருந்தான். அதையும் நாலு பக்கத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டு, ஒரு வேலைநாளில் லீவு போட்டு மாவட்டத் தலைநகருக்குப் போனான். முத்திரையில் கடல் என்று இருந்ததை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தின் பெயருக்கும் அது செய்யும் வேலைக்கும் தொடர்பு தேடும் பழக்கம் ஊரில் யாருக்கும் இல்லை.

கடலோர மனைப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. இளநிலை ஆய்வாளர் நரசிம்மன் ஐம்பது வயதுக்காரர். வந்தவரை உட்கார வைத்துப் பேசுகிறவர். கோப்பை எடுத்துப் பிரித்து, அதிலிருந்த வரைபடங்களைத் தள்ளி வைத்து, விஷயத்தைச் சொன்னார்.

சர்வே எண் 214 கல்குவாரி. தொழிற்பேட்டைக்கு ரோடும் தளமும் போட ஜல்லி அங்கிருந்துதான் போனது. 1994-இல் தொடங்கி 2015-இல் நிறுத்தினார்கள். பம்பை நிறுத்தியதும் இரண்டு மழையில் நூற்றுப் பத்தடிப் பள்ளம் நிரம்பிவிட்டது. குளிக்கக் கூடாது என்று ஊராட்சி ஒரு பலகை வைத்தது. குத்தகைதாரர் சட்டப்படி, பள்ளத்தை இனி என்ன செய்வது என்று ஒரு திட்டம் கொடுக்க வேண்டும். அவர் சென்னையில் ஓர் ஆலோசனைக் கம்பெனியிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். அவர்கள் எண்பத்து நாலு பக்கத்தில் திட்டம் எழுதி, அதற்குப் பதினோரு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கமும் கொடுத்தார்கள். அந்த எண்பத்து நாலு பக்கத்தில் ஒன்பது பக்கம், வேறு ஏதோ நாட்டில், கடலோரத்தில், பழைய சுரங்கம் ஒன்று இருந்த இடத்துக்காக எழுதப்பட்டது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

தமிழ்ச் சுருக்கத்தின் ஐந்தாம் பக்கத்தை நரசிம்மன் சிவசங்கரிடம் படிக்கக் கொடுத்தார். 'பார்வையாளர்கள் பள்ளத்தாக்கு வழியே நடந்து இறங்கினால் இலுப்பஞ்சேரியின் சிறிய, ஒதுக்கமான கடற்குடாவை அடையலாம். வழியில் சுரங்கத் தொழிலின் நினைவாக நிற்கும் எஞ்சின் வீட்டைக் காணலாம். தாழ் ஓதத்தின்போது மணற்பரப்பு வெளிப்படும். கடல்நாய்களுக்கு உணவளிக்கக் கூடாது.'

திட்டத்தில் கடல் என்று இருந்ததால் கோப்பு கனிமப் பிரிவிலிருந்து கடலோர மனைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. கடலோர மனைப் பிரிவு, கடலுக்கு என்ன செய்யுமோ அதைச் செய்தது.

சிவசங்கர் போனில் வரைபடத்தைத் திறந்து இலுப்பஞ்சேரியையும் கடலோரத்தில் இருக்கும் கோவளத்தையும் காட்டினான். நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மரியாதையாகப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதாப்பா? நான் பொறந்தது வாலாஜாபாத். ஆனா கடல் ஃபைல்ல இருக்கு. அது வெளிய போவணும்னா, இல்லைன்னு இன்னொரு பேப்பர் வரணும். போன் பேப்பர் இல்ல."

அந்தப் பேப்பருக்கு நேரடி ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு அவரே வருவதாகச் சொன்னார். சிவசங்கர் எழுந்து நன்றி சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஓத விஷயத்தையும் கேட்டான். பெல்ட் போட்டாகிவிட்டது என்று படத்தை நீட்டினான். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டதால் நரசிம்மன் அதெல்லாம் ஆய்வில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்.

அக்டோபர் 5 அன்று காலை பத்தரைக்கு ஜீப் வந்தது. சிவசங்கரும் அவன் அப்பா தாண்டவராயனும் குளிக்கக் கூடாது என்ற பலகை அருகே காத்திருந்தார்கள். தாண்டவராயன் கூரையில்லாத வீட்டில் சிமென்ட் மூட்டைகளுக்குக் காவலாக இரவில் படுத்து வந்தார். அந்தக் குவாரியில் இருபத்தொரு வருடம் பாறையில் துளை போட்டவர். துளையிடும் இயந்திரம் அவருடைய இடது காதை முழுவதுமாகவும் வலது காதைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டிருந்தது. அதிகாரி வருகிறார் என்று சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

நரசிம்மன் தமிழ்ச் சுருக்கத்தின் ஐந்தாம் பக்கத்தை அட்டையில் செருகி வைத்திருந்தார். அதில் உள்ளவை இருக்கின்றனவா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும் என்பது அவருக்கு வந்திருந்த உத்தரவு. முதலாவது பள்ளத்தாக்கு. லாரிகள் பள்ளத்துக்குள் இறங்கி ஏற அந்தக் காலத்தில் பாறையை வெட்டிப் போட்ட சரிவுப் பாதை இரண்டு பக்கமும் முப்பதடிச் சுவரோடு நின்றது. நரசிம்மன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பள்ளம்தான், இரண்டு பக்கமும் உயரம்தான். டிக் அடித்தார்.

பாதி வழியில் கூரை போன ஒரு செங்கல் கட்டடம் இருந்தது. அது என்ன என்று கேட்டார். தாண்டவராயன், அங்கேதான் காற்று அடிக்கும் கம்ப்ரஸர் இருந்தது, டீசலில் ஓடும், அதன் சத்தம் வல்லக்கோட்டைக் கோவில் வரைக்கும் கேட்கும் என்றார். அப்படியானால் எஞ்சின் இருந்த வீடு என்று சொல்லலாமா என்று நரசிம்மன் கேட்டார். சொல்லலாம் என்றார் தாண்டவராயன். டிக்.

தண்ணீரோரத்தில் ஜல்லி உடைத்த கிரஷர் தூள் மலைபோலக் குவிந்து, மழையில் கரைந்து, கரையாகப் பரவிக் கிடந்தது. செருப்புக் காலோடு அதில் நடந்தால் புதைந்தது. தண்ணீர் பச்சையும் நீலமுமாக, அசையாமல் இருந்தது. நரசிம்மன் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழகாகத்தான் இருக்கிறது என்று சொன்னார். தூள்மேட்டின் நிழலில் ஒரு நாய் உடம்பெல்லாம் ஈரமாகப் படுத்திருந்தது.

"இது தண்ணியில எறங்குமா?"

"வெயில் நேரத்துல எறங்கும் சார்" என்றான் சிவசங்கர். "நல்லா நீந்தும்."

நரசிம்மன் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு, அதற்கு உணவு கொடுக்காதீர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அந்த வரியைக் காலியாக விட்டார்.

தாண்டவராயன் எதிர்ச் சுவரைக் காட்டி, 2004-இல் அந்தப் பக்கம் சரிந்தபோது இரண்டு பேர் உள்ளே போனதையும், ஒருவரை மட்டும் எடுக்க முடிந்ததையும் சொன்னார். நரசிம்மன் அட்டையைக் கீழே இறக்கிக் கேட்டார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கடைசி வரி ஓதம். நரசிம்மன் குரலை உயர்த்தினார்.

"பெரியவரே, இங்க ஓதம் வருமா?"

தாண்டவராயனின் முகம் தெளிந்தது. அன்றைக்கு அவரிடம் கேட்கப்பட்டவற்றில் அவருக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி அது.

"வருமே. ஐப்பசி, கார்த்திகைல முழங்கால் ஒசரம் ஏறிடும். சித்திரைல தானா எறங்கிடும். எங்க அப்பன் காலத்துலேர்ந்து கீது. இன்னா சுண்ணாம்பு அடிச்சாலும் நிக்காது."

நரசிம்மன் சுண்ணாம்பைத் தவிர மற்றதை எழுதிக்கொண்டார்.

"புது வூட்டுக்கு ஏறாது சார்" என்றான் சிவசங்கர் அவசரமாக. "சுத்தியும் கான்கிரீட்ல தடுப்பு போட்டுகிறேன். உங்ககிட்ட படம் காமிச்சேனே."

"தடுப்புச் சுவர் ஏற்கெனவே போட்டாச்சா?"

"ஒன்பது இஞ்ச் சார்."

அதையும் எழுதிக்கொண்டு, அப்பாவையும் மகனையும் கையெழுத்துப் போடச் சொன்னார். இருவரும் போட்டார்கள். திரும்பும் வழியில் அவர் வல்லக்கோட்டையில் இறங்கிச் சாமி கும்பிட்டுவிட்டுப் போனதாக டிரைவர் பின்னால் சொன்னார்.

மறுநாள் காலை ஷிப்டில், கேன்டீனில், சிவசங்கர் ஆய்வு நல்லபடியாக முடிந்த கதையை மாரிராஜிடம் சொன்னான். மாரிராஜ் தூத்துக்குடிக்கு வடக்கே தருவைக்குளத்துக்காரன். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். இங்கே அடுத்த மெஷினில் இருக்கிறான். சாம்பார் சாதத்தை நிறுத்தி, அப்பா சொன்ன பதிலை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

"அண்ணே, ஓதம்னா ஆபீஸ் பாஷையில கடல் ஏறி எறங்குதது. நாங்க ஏத்தம், வத்தம்னு சொல்லுவோம். உங்கப்பா கடல் முழங்கால் உயரம் ஏறுதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காவ."

சிவசங்கர் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நீங்க அலையத் தடுக்கச் சுவரு கட்டிருக்கிய" என்றான் மாரிராஜ். "ஒன்பது இஞ்ச்."

அன்று மாலையே சிவசங்கர் நரசிம்மனுக்கு போன் செய்தான். செவுத்து ஈரம் சார், செவுத்து ஈரம் என்று விளக்கினான். நரசிம்மன், எங்கள் வீட்டிலும் அதை அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அறிக்கை மேலே போய்விட்டது. இனி ஒரே வழி: நீர்மட்டம் ஏறி இறங்கவில்லை என்று அளந்து காட்ட வேண்டும். பதினைந்து நாள், இரவும் பகலும், மணிக்கு ஒரு முறை. மனைக்காரர்களே அளந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். விதியில் அதற்கு இடம் இருக்கிறது.

இதைக் கேட்டதும் சிவசங்கருக்கு முதல்முறையாக நிம்மதி வந்தது. மணிக்கு ஒரு முறை அளந்து எழுதுவதுதான் அவன் பதினொரு வருடமாகச் செய்யும் வேலை. பதினேழு மனைக்காரர்களில் பதினைந்து பேர் கம்பெனிகளில் இருந்தார்கள். ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டு என்று பிரித்து, எந்த ஷிப்டில் யார் ஊரில் இருப்பார்களோ அவர்களைப் போட்டு, ஒரு பட்டியல் தயாரித்தான். கம்பெனியில் இருப்பதுபோலவே நேரம், அளவு, கையெழுத்து, குறிப்பு என்று கட்டம் போட்டு ஒரு செக் ஷீட் அச்சடித்தான். தாண்டவராயன் ஒரு மரப் பலகையில் வெள்ளைப் பெயின்டால் சென்டிமீட்டர் கோடுகள் போட்டு, சரிவுப் பாதையின் பாறைச் சுவரோடு சேர்த்துத் தண்ணீரில் நட்டார். பூஜ்யம் முதல் நூறு வரை. ஒரு கோடுகூடச் சாய்வாக இல்லை. தண்ணீர் நாற்பத்தாறில் நின்றது.

அக்டோபர் 16 காலை ஆறு மணிக்கு அளவு தொடங்கியது. மூன்றாம் நாள் மதியம் சிவசங்கர் ஷீட்டுகளைப் பார்க்கப் போனான். பன்னிரண்டாவது மனைக்காரன் ரஞ்சித் தூள்மேட்டில் குடையோடு உட்கார்ந்திருந்தான். ரஞ்சித்துக்கு இருபத்தாறு வயது. உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வருடத்துக்கு முன் மனை வாங்கியவன். முதல் இரண்டு நாளின் நாற்பத்தெட்டுக் கட்டத்திலும் 46 என்று இருந்தது.

இங்கே கம்பெனி விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிவசங்கரின் லைனில் ஒரு துளையின் விட்டம் 22.00 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நல்ல மெஷின், மணிக்கு மணி 22.00 தான் வரும். புதிதாக வரும் பயிற்சி ஆள் அதை அப்படியே எழுதுவான். ஆடிட்டர் வந்து பார்த்தால், அளக்காமலே எழுதியது என்று சொல்லிவிடுவார். ஆகவே லைனில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: 22.01, 21.99, 22.00, 22.02. நிஜமாகவே அளந்து, நிஜமாகவே 22.00 வந்தாலும், அப்படி எழுதக் கூடாது. இதற்குப் பேனாவால் அளப்பது என்று பெயர். இதில் யாரும் எதையும் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை. அளந்ததற்கு அதுதான் அத்தாட்சி.

"இன்னாடா இது, எல்லாம் நாப்பத்தாறு?"

"தண்ணி அங்கதாண்ணா நின்னுகினு கீது."

"கீதுடா. பாக்கறவன் நம்ப வேணாமா? ரூம்ல குந்திகினு எழுதனாப்புல கீது. கொஞ்சம் மாத்தி மாத்திப் போடு. ஒன்னு மேல, ஒன்னு கீழ."

"இல்லாதத எப்டிணா எழுதறது?"

"புதுசா கம்பெனிக்கு வந்தவனாட்டம் பேசாத."

ரஞ்சித் சிரித்துவிட்டான். சிவசங்கர் பழைய இரண்டு ஷீட்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புதிய இரண்டு ஷீட் கொடுத்து முதலிலிருந்து எழுதச் சொன்னான். மற்றவர்களுக்கு போனில் சொன்னான். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் பழகிய கையால் எழுதினார்கள். ஷிப்டு தொடங்கும்போது வருகிறவன் உற்சாகமாக 47, 48 என்று போட்டான். நேரம் ஆக ஆக 46, 45. விடப்போகும் நேரத்தில் 44. அடுத்த ஷிப்டுக்காரன் வந்து மறுபடி 47-இல் தொடங்கினான். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பதினைந்து நாள் ஷீட்டுகளையும் சிவசங்கர் துளை போட்டு, கோப்பில் அடுக்கி, மேலட்டையில் பெயர் எழுதி, அக்டோபர் 31 அன்று கொண்டுபோய்க் கொடுத்தான். இவ்வளவு சுத்தமான ஆவணம் இந்தப் பிரிவுக்கு வந்ததில்லை என்று நரசிம்மன் சொன்னார்.

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் கடிதம் வந்தது. மேலிடத்தில் அளவுகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்திருந்தார்கள். 'நீர்நிலையில் ஒழுங்கான ஓதம் உறுதி செய்யப்படுகிறது. வீச்சு நான்கு சென்டிமீட்டர். நாளொன்றுக்கு மூன்று உயர் ஓதங்களும் மூன்று தாழ் ஓதங்களும் காணப்படுகின்றன. நீர்நிலை கடலுடன் நிலத்தடித் தொடர்பு உள்ளதாகக் கருதப்படுகிறது.'

மாரிராஜ் கடிதத்தை வாங்கி வரிவரியாகப் படித்தான்.

"எங்க ஊர்லயே நாளைக்கு ரெண்டுதாம்ணே. இங்க எப்படி மூணு?"

"மூணு ஷிப்டு" என்றான் சிவசங்கர்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சுபஸ்ரீயிடமும் காட்டினான். அவள் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்தாள். செக் ஷீட்டை மாற்றச் சொன்னது யார் என்று கேட்டாள். அவன் சொன்னான்.

"கடலோரத்துல வூடு வேணும்னு எத்தன பேரு ஏங்கறான். நம்ம வூட்டாண்ட நீயே கடலைக் கொண்டாந்துட்ட" என்றாள். பிறகு, செய்யாற்றுப் பள்ளியில் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி லீவு போட்டான். நரசிம்மனின் மேசையில் அந்த மடித்த இரண்டு ஷீட்டையும் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். 46 தான் நிஜம், மற்றதெல்லாம் பேனா, எழுதச் சொன்னது நான், என்ன நடவடிக்கை என்றாலும் என்மேல் எடுங்கள் என்றான். நரசிம்மன் பழைய ஷீட்டையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எனக்கு முப்பது வருஷ சர்வீஸ். இத ரெண்டையும் என்கிட்ட குடுத்திருந்தா, இந்த நாப்பத்தாறத்தான் பொய்னு சொல்லியிருப்பேன்."

கடிதத்தைத் திரும்பப் பெற முடியாது என்றார். ஓதம் இல்லை என்று இப்போது எழுதினால், பதினேழு பேர் பொய்ச் சான்று கொடுத்ததாக ஆகும். ஓதம் இருக்கட்டும். இருக்கிற கடலில் வீடு கட்ட வழி இருக்கிறதா என்று பார்ப்போம் என்று விதிப் புத்தகத்தை எடுத்தார். முக்கால் மணி நேரம் தேடினார். டீ வரவழைத்துக் கொடுத்தார். கடைசியில் ஒரு பிரிவைக் கண்டுபிடித்தார். குறிப்பிட்ட நீர்நிலையை நம்பிப் பரம்பரையாகப் பிழைத்து வந்த குடும்பம், பழைய வீடு இருந்த அதே இடத்தில் தன் குடியிருப்புக்கு வீடு கட்டிக்கொள்ளலாம். அந்த இடத்தில் தொழில் செய்ததற்கு ஆவணம் வேண்டும்.

"மீன் பிடிக்கிறவங்களுக்கு எழுதுனது. ஆனா மீன்னு எங்கயும் போடல" என்றார்.

திங்கட்கிழமை தாண்டவராயன், குவாரியில் வேலைக்காகக் கொடுத்த அடையாள அட்டையோடு வந்தார். பிளாஸ்டிக் உறை மஞ்சளாகிப்போயிருந்தது. புகைப்படத்தில் அவருக்கு முப்பது வயது, மீசை கறுப்பு. 'பணி: துளையிடுபவர். இடம்: ச.எண். 214, இலுப்பஞ்சேரி.' நரசிம்மன் வாக்குமூலத்தை எழுதி உரக்கப் படித்தார். மேற்படி நீர்நிலையை நம்பி இருபத்தொரு ஆண்டுகள் பிழைத்தேன் என்ற இடத்தில் தாண்டவராயன் கையை உயர்த்தினார்.

"அப்போ தண்ணியே கெடையாது சார். தண்ணி வந்தப்பறம்தான் பொழப்பு பூட்ச்சு."

"அது கேள்வியில இல்ல, பெரியவரே."

தாண்டவராயன் மகனைப் பார்த்தார். சிவசங்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் பேனாவை வாங்கி, நிதானமாக முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் 13 அன்று அனுமதி வந்தது. பதினேழு மனைகளில் பதின்மூன்று குடும்பங்களில் யாராவது ஒருவரிடம் குவாரி அட்டை இருந்தது. அந்தப் பதின்மூன்றுக்கும் கிடைத்தது. வெளியூரிலிருந்து வந்து மனை வாங்கிய நாலு பேருக்குக் கிடைக்கவில்லை. ரஞ்சித் அதில் ஒருவன். முதலில் எழுதிய ஷீட்டை என்ன செய்தீர்கள் என்று அவன் சிவசங்கரிடம் ஒரே ஒரு தடவை கேட்டான். ஆபீசில் கொடுத்துவிட்டேன் என்று சிவசங்கர் சொன்னான்.

தை இருபத்தெட்டாம் தேதி, பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை, சுவரில் ஈரம் முழுவதும் காயாத வீட்டில் சுபஸ்ரீ பால் காய்ச்சினாள். மாரிராஜ் தருவைக்குளத்திலிருந்து கருவாடு வரவழைத்துக் கொண்டுவந்தான். நல்ல நாளில் கருவாடா என்று அதைப் பின்பக்கம் வைத்தார்கள். நரசிம்மனுக்கும் பத்திரிகை கொடுத்திருந்தார்கள். வந்து, சாப்பிட்டு, அடித்தளப் பெல்ட்டைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

சுங்குவார்சத்திரத்து அறையில் அந்த வாரமே எட்டுக் கட்டில் போட்டார்கள். ஜன்னலோரக் கட்டிலில் ரஞ்சித் இருக்கிறான்.

2024 ஏப்ரல் 15 அன்று இலுப்பஞ்சேரி ஊராட்சிப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. மீன்களின் இனப்பெருக்கக் காலத்தை முன்னிட்டு, ச.எண் 214 கடற்பகுதியில் விசைப்படகுகள் அறுபத்தொரு நாட்களுக்கு மீன்பிடிக்கச் செல்லக் கூடாது. ஜூன் 14 வரை யாரும் செல்லவில்லை.